கிராஃபீனில் இறங்கும் மீக்கடத்தல்

சிவப்பு ரிப் காலரை வெள்ளை பனியன் துணியில் தைத்து நனைத்தால் தையலோரம் வெள்ளையும் சிவக்கும். சாயம் இறங்குவதைத் திருப்பூர்க்காரர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. மீக்கடத்தியைத் தொட்டிருக்கும் கிராஃபீனிலும் ஏறக்குறைய இதுதான் நடக்கிறது.

கிராஃபீன் என்பது ஓரணுத் தடிமனுள்ள கார்பன் ஏடு. அது தானாக மீக்கடத்தாது. மீக்கடத்தியிலோ எலெக்ட்ரான்கள் ஜோடி ஜோடியாகத் தடையின்றி ஓடும். கிராஃபீனிலிருந்து வரும் ஒற்றை எலெக்ட்ரானுக்கு அங்கே இடமில்லை. அது இன்னொன்றையும் சேர்த்துக்கொண்டு நுழைகிறது. அந்த இன்னொன்று விட்டுப்போன காலியிடமான 'துளை' கிராஃபீனுக்குள் திரும்புகிறது. இதுதான் ஆந்த்ரேயெவ் எதிரொளிப்பு. இதன் வழியே ஜோடித்தன்மை கிராஃபீனுக்குள்ளும் கொஞ்ச தூரம் பரவுகிறது. இணைப்பில் அழுக்கிருந்தால் காரியம் கெட்டது.

2007இல் நெதர்லாந்தின் டெல்ஃப்ட் குழு கிராஃபீன் வழியே தடையற்ற மீமின்னோட்டத்தை ஓடவிட்டது. மின்னழுத்தத்தை மாற்றி, மின்னோட்டத்தைச் சுமப்பது எலெக்ட்ரானா துளையா என்பதையே மாற்றினார்கள். என் பார்வையில் கிராஃபீனின் உண்மையான வசீகரம் இதுதான். சாதாரண உலோகத்தில் இது நடக்காது. 2016இல் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் அனிந்த்ய தாஸ் குழு, கிராஃபீனும் மீக்கடத்தியான நியோபியம் டைசெலினைடும் சேரும் சந்தியில் ஆந்த்ரேயெவ் எதிரொளிப்பை ஆராய்ந்தது.

இவையெல்லாம் தனிச்சுழி வெப்பநிலைக்கு மேலே சில டிகிரிக்குள்ளான குளிரில்தான் நடக்கின்றன. அறை வெப்பத்தில் எதிர்பார்க்காதீர்கள்.