செஸ் எஞ்சின் காட்டும் +1 என்றால் என்ன?

அறந்தாங்கியிலோ ஆலங்குடியிலோ உங்கள் மகள் செஸ் கற்றுக்கொள்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். ஆடி முடித்த ஆட்டத்தைப் போனில் போட்டுப் பார்க்கிறாள். ஓரத்தில் +1.3, −0.8 என்று எண்கள் ஓடுகின்றன. அவற்றைக் காட்டுவது செஸ் எஞ்சின் (நகர்த்தல்களைக் கணக்கிடும் நிரல்). அதை நம்பலாமா என்று நீங்கள் கேட்பது நியாயமே.

அது எப்படிக் கணக்குப் போடுகிறது?

முதல் நகர்த்தலுக்கு வெள்ளைக்கு 20 வழிகள், பதிலுக்குக் கறுப்புக்கும் 20. இருவரும் இரண்டிரண்டு முறை ஆடுவதற்குள் 1,97,281 வழிகள் ஆகிவிடும். அத்தனையையும் எஞ்சின் பார்ப்பதில்லை. ஒரு நகர்த்தலை ஆடினால் ராணி பறிபோகும் என்று தெரிந்ததும், எதிராளியின் மற்ற பதில்களைத் தேடாமல் அதை விட்டுவிடும். மிச்சமாகும் நேரத்தில் நல்ல வழிகளில் ஆழமாகப் போகும். திரையில் ஆழம் 20 என்று இருந்தால், இரண்டு பக்கமும் சேர்த்து 20 நகர்த்தல்; அதாவது ஆளுக்குப் பத்து.

நிலை நல்லதா கெட்டதா என்று அதற்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்?

முன்பு மனிதர்கள். சிப்பாய்க்கு 1, யானைக்கு 5, ராணிக்கு 9 என்பதுபோல விதிகளை எழுதிவைத்தார்கள். 1997-ல் அன்றைய உலகச் சாம்பியன் காஸ்பரோவை வென்ற டீப் புளூ கணினி அப்படிப்பட்டதுதான். நொடிக்கு 20 கோடி நிலைகளைப் பார்த்தது. 2017-ல் வந்த ஆல்ஃபாஸீரோ விதிகளை மட்டும் தெரிந்துகொண்டு, தன்னோடு தானே ஆடிக் கற்றது. அதை உருவாக்கிய குழுவில் இங்கிலாந்து கிராண்ட்மாஸ்டர் தர்ஷன் குமரனும் இருந்தார். இன்று பலரும் பயன்படுத்தும் ஸ்டாக்ஃபிஷ், 2020 முதல் நரம்பு வலை (எடுத்துக்காட்டுகளிலிருந்து கற்கும் கணக்குமுறை) கொண்டு நிலையை எடைபோடுகிறது.

ஸ்டாக்ஃபிஷ் எந்தக் கம்பெனியுடையது?

எந்தக் கம்பெனியுடையதும் இல்லை. 2008-ல் நார்வே, இத்தாலி, பின்லாந்துக்காரர்கள் மூவர் தொடங்கியது. யார் வேண்டுமானாலும் ஒரு மாற்றத்தை எழுதி அனுப்பலாம். 2013 முதல், தன்னார்வலர்களின் கணினிகளில் பழையதும் புதியதும் ஆயிரக்கணக்கான ஆட்டங்களில் மோதுகின்றன. தேறினால்தான் மாற்றம் உள்ளே போகும். பெரிய ஆள் சொன்னார் என்பதற்காக எதுவும் சேராது. இந்த நேர்மைதான் அதை இவ்வளவு பலமாக்கியது என்பது என் எண்ணம்.

காசு கட்ட வேண்டுமா?

வேண்டாம். நெட் இல்லாமலும் ஓடும். சாதாரண போனில் ஓடினாலும் உலகச் சாம்பியனை வெல்லும். சென்னையில் கிடைக்கும் அதே எஞ்சின்தான் பொன்னமராவதியிலும். பக்கத்துக் காரைக்குடியின் பிரனேஷ் 2023-ல் கிராண்ட்மாஸ்டர் ஆகிவிட்டார். ஊர் சிறியதே என்ற கவலை வேண்டாம்.

சரி, +1 என்றால் ஒரு சிப்பாய் அதிகம் என்றுதானே அர்த்தம்?

பலர் அப்படித்தான் நினைக்கிறார்கள். 2022 டிசம்பரில் வந்த 15.1 பதிப்பிலிருந்து ஸ்டாக்ஃபிஷில் பொருள் வேறு: இந்த நிலையிலிருந்து எஞ்சினும் எஞ்சினும் ஆடினால் வெள்ளை வெல்ல 50 சதவீத வாய்ப்பு. கவனியுங்கள், எஞ்சினும் எஞ்சினும். பத்து வயதுப் பிள்ளைகள் ஆடும்போது +1 கையைவிட்டுப் போக ஒரு குதிரைத் தாவல் போதும். அதனால் 0.3, 0.5 வித்தியாசத்துக்கெல்லாம் மகளைக் கடிந்துகொள்ளாதீர்கள். பெரும்பாலான செயலிகளில் கூட்டல் குறி வெள்ளைக்குச் சாதகம். அவள் கறுப்பு ஆடியிருந்தால் கழித்தல் குறிதான் நல்ல செய்தி.

அப்படியானால் எப்படிப் பயன்படுத்துவது?

முதலில் எஞ்சினை அணைத்துவிட்டு, எங்கே தவறியது என்று அவளே எழுதட்டும். பிறகு போட்டுப் பாருங்கள். எண் ஒரேயடியாக 2, 3 என்று சரிந்த இடத்தில் மட்டும் நில்லுங்கள். எஞ்சின் காட்டும் நகர்த்தலைப் பலகையில் வைத்து, "இதற்கு எதிராளி என்ன ஆடுவான்?" என்று கேளுங்கள். எஞ்சின் விடையைச் சொல்லும், காரணத்தைச் சொல்லாது. காரணத்தை அவள்தான் தேட வேண்டும், கோச் உதவலாம்.

இது வீண் கண்டிப்பு என்று தோன்றுகிறதா? 2024-ல் 18 வயதில் உலகச் சாம்பியனான குகேஷை, கிராண்ட்மாஸ்டர் ஆகும்வரை எஞ்சின் பக்கமே போகவிடாமல் பயிற்சி தந்தவர் அவருடைய கோச் விஷ்ணு பிரசன்னா. முழுக்கத் தடுக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. யோசிக்கும் முன் விடை கண்ணில் படக்கூடாது, அவ்வளவுதான்.

டோர்னமென்டுக்குப் போகும் நாளில் இன்னொன்று. நடுவர் அனுமதி இல்லாமல் ஆட்ட அரங்குக்குள் போன் வைத்திருந்தால், அணைத்து வைத்திருந்தாலும் ஆட்டமே தோல்வியாகிவிடலாம். அவள் உள்ளே போகும் முன் போனை நீங்கள் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.