தரவுத்தள ஆணைத்தொடர்களும் இலக்கமுறைக் கையொப்பமும்

கையொப்பம் இரு வினைகளைப் புரிவது. இன்னார் எழுதினார் என உணர்த்துதல் ஒன்று; எழுதிய பின்னர்ப் பிறர் கைபட்டு மாறவில்லை என உணர்த்துதல் மற்றொன்று. பண்டைக்காலத்து ஓலைகளில் இவ்விரண்டையும் மண்ணிலச்சினை நிறைவேற்றிற்று. சிலப்பதிகாரத்திலே, மாதவி விடுத்த ஓலையைக் கோசிகன் கொணர்ந்து கொடுத்தபோது, இலச்சினையிற் படிந்திருந்த கூந்தல் மணத்தாலேயே கோவலன் அது யாருடையதென அறிந்துகொள்கின்றான். அம்மணத்தை அவன் முன்னரே அறிந்தவனாதலின் அது சான்றாயிற்று. அறியாத ஒருவன் கையிற் சேர்ந்திருப்பின் அது வெறும் மண்ணேயாம். முன்னறிவு இல்லாதவர்க்கு இலச்சினையை மெய்ப்பிப்பவர் யார்? இலக்கமுறைக் கையொப்பத்தின் சிக்கல்கள் யாவும் இவ்வினாவிலேயே அடங்கியுள்ளன.

மேசைக் கணினியில் வைத்து ஆளப்படும் தரவுத்தளங்களுள் மைக்ரோசொப்ட் நிறுவனத்தின் அக்சஸ் பலரும் அறிந்தது. 1992ஆம் ஆண்டில் வெளிவந்தது. அட்டவணைகள், படிவங்கள், அறிக்கைகள் என்பவற்றோடு விசுவல் பேசிக் மொழியில் எழுதப்பட்ட ஆணைத்தொடர்களும் அதன் கோப்பு ஒன்றினுள்ளேயே அடங்கும். வசதியும் ஆபத்தும் ஒருங்கே குடியிருக்கும் இடம் இதுவே. பெயர்ப்பட்டியல் ஒன்றைத் திறப்பதாகவே திறப்பவர் எண்ணுகின்றார். உண்மையிலோ பிறரொருவர் எழுதிய ஆணைகளைத் தம் கணினியில் இயங்க விடுகின்றார். அவ்வாணைகள் கோப்புகளை அழிக்கவும், மின்னஞ்சல்களைத் தாமே அனுப்பவும் வல்லன. 1999ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் மெலிசா என்னும் நச்சுநிரல் வேர்ட் ஆவணமொன்றின் மாக்ரோவில் ஒளிந்திருந்து, திறந்தவரின் முகவரிப் பட்டியலில் முதல் 50 பேருக்குத் தன்னையே அனுப்பிப் பரவிற்று.

இதனைத் தடுக்கும் பொருட்டு, அறியாத இடத்திலிருந்து வந்த ஆணைத்தொடர்களை அக்சஸ் முடக்கி வைத்து, ஓர் எச்சரிக்கைப் பட்டையைக் காட்டும். ஆயின், நாள்தோறும் பத்து முறை அனுமதிப் பொத்தானை அழுத்திப் பழகியவர் பதினோராவது முறை படித்துப் பார்த்து அழுத்துவார் என எதிர்பார்த்தல் மனித இயல்பை அறியாமையாகும். 2022ஆம் ஆண்டில் மைக்ரோசொப்ட், இணையத்தின்வழி வந்த கோப்புகளின் மாக்ரோக்களை, அக்சஸ் உட்பட ஐந்து மென்பொருள்களில் இயல்பாகவே தடுத்துவிட முற்பட்டமைக்கு இதுவே காரணம் எனலாம். அதன்பின், நேர்மையான நிரலாளர்க்கும் தம்மை இன்னாரென மெய்ப்பிக்க வேண்டிய கடப்பாடு மிகுந்தது.

மெய்ப்பிக்கும் வழியைக் கணிதம் தந்தது. 1976இல் டிஃபி, ஹெல்மன் என்னும் அமெரிக்க அறிஞர் இருவர், ஒன்றை மறைவாகவும் மற்றொன்றை வெளிப்படையாகவும் வைக்கத்தக்க இணைத்திறவுகோல்களைப் பற்றிய கருத்தை வெளியிட்டனர். மறு ஆண்டிலே ரிவெஸ்ற், ஷமீர், ஏடில்மன் என்போர் பேரெண்களைக் காரணிப்படுத்துவதிலுள்ள அருமையை அடிப்படையாகக் கொண்டு அதனைச் செயற்படுத்திக் காட்டினர். ஆணைத்தொடர் எவ்வளவு நீளமாயினும் அதிலிருந்து 256 பிற்றுகள் கொண்ட சுருக்கெண் ஒன்று கணிக்கப்படும். ஓர் எழுத்து மாறினும் இவ்வெண் முற்றிலும் வேறாகிவிடும். நிரலாளர் தம் மறைத்திறவுகோலைக் கொண்டு சுருக்கெண்ணின்மீது கையொப்பமிடுவார். பெறுபவரின் கணினி பொதுத்திறவுகோலைக் கொண்டு அதனைச் சரிபார்க்கும். பொதுத்திறவுகோலை அறிந்தவர் எவரும் சரிபார்க்கலாம். அதனைக் கொண்டு கையொப்பத்தைப் புனைய எவராலும் இயலாது.

இனி, அப்பொதுத்திறவுகோல் இன்னாருடையது என்பதற்குச் சான்று யாது? அதற்கெனவே சான்றளிக்கும் நிறுவனங்கள் உள்ளன. விண்ணப்பிப்பவர் யாவர் என ஆராய்ந்து சான்றிதழ் வழங்குதல் அவற்றின் தொழில். அத்தொழிலும் தவறுவதுண்டு. 2001ஆம் ஆண்டு சனவரியில், மைக்ரோசொப்ட் ஊழியரெனத் தம்மைக் கூறிக்கொண்ட ஒருவருக்கு வெரிசைன் நிறுவனம் அப்பெயரிலேயே இரண்டு சான்றிதழ்களை வழங்கிவிட்டது. 2010இல் வெளிப்பட்ட ஸ்ரக்ஸ்நெற் என்னும் நச்சுநிரலோ, தைவான் நாட்டு நிறுவனங்கள் இரண்டிடமிருந்து களவாடப்பட்ட திறவுகோல்களால் முறைப்படி கையொப்பமிடப்பட்டிருந்தது. கையொப்பம் ஆணைத்தொடரின் தோற்றுவாயை மட்டுமே கூறும். அதன் குணத்தைக் கூறாது. பயன்படுத்துவோர் பெரும்பாலார் இவ்விரண்டையும் ஒன்றெனவே மயங்குகின்றனர்.

அக்சஸில் கையொப்பமிடும் முறை பதிப்புக்குப் பதிப்பு மாறிவந்துள்ளது. பழைய கோப்பமைப்பில் ஆணைத்தொடருக்கு நேரே கையொப்பமிட முடிந்தது. 2007ஆம் ஆண்டுப் பதிப்பிற் புகுந்த புதிய அமைப்பில் அவ்வழி அடைபட்டு, கோப்பு முழுவதையும் பொதியாக்கி அப்பொதிக்கு ஒப்பமிடும் வழியே எஞ்சிற்று. இது குறையுடைய ஏற்பாடாகும். பொதியினின்று தரவுத்தளத்தைப் பிரித்தெடுத்தவுடன் இரண்டிற்குமிடையேயுள்ள தொடர்பு அற்றுவிடும். உறையில் முத்திரையிட்டுக் கடிதத்தை வெறிதே விட்டதைப் போன்றது. அண்மைக்கால மைக்ரோசொப்ட் 365 பதிப்புகளில் நேரடிக் கையொப்பம் மீண்டும் இடம்பெற்றுள்ளது. ஆணைத்தொடர் எழுதும் சாளரத்தில் கருவிகள் பட்டியலைத் திறந்து, சான்றிதழைத் தெரிந்து, கோப்பைச் சேமித்தால் அமையும்.

சான்றிதழைத் தாமே ஆக்கிக்கொள்ளவும் கூடும். அதற்குரிய சிறு கருவியொன்றை மைக்ரோசொப்ட் வழங்கியுள்ளது. எனினும் அது ஆக்கப்பட்ட கணினியிலன்றிப் பிறவிடங்களில் இயல்பாக ஏற்கப்படாது. ஐந்தாறு கணினிகளே உள்ள அலுவலகமாயின், அவை ஒவ்வொன்றிலும் அச்சான்றிதழைப் பதிந்து, நம்பத்தகுந்த வெளியீட்டாளர் வரிசையிற் சேர்த்துவிடலாம். கோவலன் மணத்தை அறிந்திருந்தமை போன்ற முன்னறிவு இதுவேயாம். வெளியார்க்கு வழங்குவதாயின் சான்றளிக்கும் நிறுவனத்தையே நாடல் வேண்டும். 2023ஆம் ஆண்டு சூன் 1ஆம் நாள் தொடக்கம், அத்தகைய சான்றிதழ்களின் மறைத்திறவுகோல் பாதுகாப்பான வன்பொருளினுள்ளேயே இருத்தல் வேண்டுமென விதிக்கப்பட்டுள்ளது. களவுகளின் பின்னர் வந்த விதியாயினும் வரவேற்கத்தக்கதே. குறித்ததொரு கோப்புறையை நம்பகமான இடமென அறிவித்துவிடுதல் எளிய வழியாகத் தோன்றும். அக்கோப்புறையில் எழுதும் உரிமை பலர்க்கும் இருக்குமாயின், அது கதவைப் பூட்டித் திறவுகோலைப் படலையில் தொங்கவிடுதலாகவே முடியும்.

செய்முறையில் நினைவிற் கொள்ளத்தக்கவை இரண்டு. அட்டவணைகளை ஒரு கோப்பிலும், படிவங்களையும் ஆணைத்தொடர்களையும் வேறொரு கோப்பிலும் பிரித்து வைத்தல் பல்லோர் பயன்படுத்தும் தரவுத்தளங்களுக்கு உகந்தது. கையொப்பம் இரண்டாவது கோப்பிற்கே உரியது. அது ஆணைத்தொடரைக் காக்குமேயன்றி, அட்டவணையில் ஒருவர் பொய்யான தொகையைப் பதிந்தாராயின் அதனைக் காட்டித்தராது. மற்றையது, கையொப்பமிடும்போதே நேரமுத்திரையும் பெற்றுக்கொள்ளுதல். சான்றிதழ் செல்லுபடியாகும் காலத்திலேயே ஒப்பமிடப்பட்டது என்பதற்கு நேரமுத்திரை சான்றாதலின், சான்றிதழ் காலாவதியான பின்னரும் பழைய கோப்புகள் ஏற்கப்படும். அது பெறப்படாவிடின், சான்றிதழின் காலம் முடிந்த மறுநாட் காலையில் அலுவலகம் முழுவதிலும் எச்சரிக்கைப் பட்டை மீண்டும் தோன்றும்.