பூச்சை உரித்த பிறகு

புதுச்சேரியில் பெருங்கால்வாய்க்கு மேற்கே உள்ள தமிழர் தெருக்களில், கீழ்த்தளம் திண்ணையும் மரத்தூண் தாழ்வாரமுமாக நம் முறையிலும், மேல்தளம் வளைவு ஜன்னல்களும் சுவரோடு ஒட்டிய அரைத்தூண்களுமாகப் பிரெஞ்சு முறையிலும் அமைந்த வீடுகள் இன்னும் பல நிற்கின்றன. அவற்றில் ஒன்றைப் பரம்பரைச் சொத்தாகப் பெற்றவரோ விலைக்கு வாங்கியவரோ, நாலு ஜன்னலை மாற்றி, உதிர்ந்த சுவருக்குப் பூச்சுப் பூசி, வர்ணம் அடித்துவிட்டால் குடிபுகலாம் என்ற எண்ணத்தோடு கொத்தனாரை அழைத்து வரும்போது, எடுத்துக்கொண்ட காரியத்தின் ஆழம் அவருக்குப் பெரும்பாலும் தெரிவதில்லை.

வர்ணத்தைச் சுரண்டினால் அதன்கீழே சிமெண்ட் பூச்சு. அதைத் தட்டி எடுத்தால், பொங்கல்தோறும் அடித்து அடித்து ஏடு ஏடாகப் படிந்த வெள்ளை. அதற்கும் உள்ளே, கிளிஞ்சலைச் சுட்டு நீற்றி, மணலோடு சேர்த்து அரைத்து, கடுக்காய் நீரும் வெல்ல நீரும் ஊற்றிப் பதப்படுத்திய பழங்காலத்துக் காரை. காரையும் விழுந்த இடத்தில், இக்காலத்துச் செங்கல்லைவிட மிக மெல்லியதான சித்துக்கல் வரிசை வரிசையாகத் தெரியும். எந்தத் தலைமுறையிலோ கல் வைத்து அடைத்துவிட்ட ஜன்னலின் வளைவும், விளக்குப் புகையின் கரி மாறாத மாடக்குழியும் அப்படியே வெளிப்படுவதுண்டு. அத்தகைய மாடத்தை மீண்டும் மூடிப் பூசிவிடும்படி வீட்டுக்காரர் சொல்லக் கேட்கும்போது எனக்கு உண்மையாகவே வேதனை உண்டாகிறது.

பழைய வீட்டில் காணும் கேடுகளுக்கெல்லாம் அதன் முதுமையே காரணம் என்று நாம் எளிதில் தீர்மானித்துவிடுகிறோம். பூச்சை உரித்துப் பார்த்தவர்களுக்கோ, கேட்டில் பெரும்பகுதி பின்னால் வந்தவர்கள் செய்த பழுதுபார்ப்பினால் விளைந்தது என்பது பிரத்தியட்சமாகிறது. அஸ்திவாரத்தில் ஈரத்தைத் தடுக்கும் ஏற்பாடு ஏதுமின்றிக் கட்டிய அந்தச் சுவர்களில், பூமியின் ஓதம் சிறிது சிறிதாக மேலேறுவது இயல்பு. ஏறிய ஈரம் நுண்துளைகள் நிறைந்த சுண்ணாம்புக் காரை வழியே ஆவியாய்ப் போய்விடுவதும் அவ்வாறே இயல்பு. இங்கிலாந்தில் 1824-ஆம் ஆண்டில் ஜோசப் ஆஸ்ப்டின் காப்புரிமை பெற்ற போர்ட்லண்ட் சிமெண்டைச் சென்னையில் 1904-ஆம் ஆண்டிலேயே உற்பத்தி செய்ய முயன்றார்கள். அது மலிந்து எல்லார் கைக்கும் எட்டிய பிறகு, உதிர்ந்த இடமெல்லாம் அதைக் கொண்டு கெட்டியாகப் பூசிவிடுவதே வழக்கமாயிற்று. வெளியேற வழியற்ற ஈரம் சிமெண்டுக்குப் பின்னால் இன்னும் உயரம் ஏறுகிறது. அதில் கரைந்துள்ள உப்பு, நீர் வற்றும்போது படிகமாகித் தன் பெருக்கத்தால் செங்கல்லையே பொடியாக்குகிறது. கடற்கரை ஊரில் காற்றும் உப்பைக் கொண்டுவந்து சேர்ப்பதால் இந்த அழிவு மேலும் விரைவாக நடக்கிறது. மேலே வழவழப்பாய் இருக்கும் பூச்சைத் தட்டினால் பொள்ளென்று ஒலிக்கும். பெயர்த்தால் செங்கல் தூள் மண்ணாய்க் கொட்டும்.

ஜன்னல்களின் விஷயம் வேறு விதம். நிலையின் மேற்கட்டையும் கீழ்க்கட்டையும் இருபுறமும் நீண்டு சுவருக்குள் புதைந்திருப்பது பழைய தச்சர்களின் முறையாதலால், கடப்பாரையால் நெம்பி எடுக்க முற்பட்டால் நிலையோடு பக்கத்துச் செங்கற்களும் சரிந்து வருகின்றன. மேலே பாரம் தாங்கும் மரக்கட்டையின் முகப்பு பளபளவென்றிருக்க, சுவருக்குள் இருக்கும் பின்பாதியைக் கரையான் முழுவதும் தின்றிருப்பதும் உண்டு. சுத்தியலால் தட்டிக் கேட்டும் ஊசிமுனையால் குத்திப் பார்த்தும் அறிந்துகொள்ளாமல், முட்டுக் கொடுக்காமல் நிலையில் கைவைப்பது அபாயம். இரும்புக் கம்பிகளோ, துருப்பிடித்துப் பலமடங்கு பருத்து, தாம் செருகப்பட்ட சட்டத்தைத் தாமே பிளந்துவிடுகின்றன. இவ்வளவு இருந்தும், சாய்ந்த பலகைகள் இட்ட அந்தத் தேக்குக் கதவுகளை ஆராய்ந்தால், கெட்டிருப்பது அநேகமாக மழைநீர் தேங்கிய அடிச்சட்டம் ஒன்றே என்பது தெரியவரும். அந்தத் துண்டை அறுத்து, பழைய தேக்கையே ஒட்டுப்போட்டு இணைக்கத் தெரிந்த ஆசாரி இருக்கும்போது, முழு ஜன்னலையும் கழற்றி எறிந்து அலுமினியச் சட்டம் பொருத்துவது அநியாயம் என்பதே என் அபிப்பிராயம்.

கவனிப்பின்றி விட்ட கட்டடத்தில் நீர் என்ன செய்யும் என்பதைப் புதுச்சேரி தன் கண்ணாலேயே கண்டது: பத்தொன்பதாம் நூற்றாண்டில் கடற்கரையில் எழுந்த மேரி என்னும் நகராட்சிக் கட்டடம் 2014 நவம்பர் மழையில் இடிந்து விழுந்தது. ஆனால் அதே ஊரின் வைசியாள் தெருவில், பாரம்பரியக் கட்டடங்களைக் காக்கும் இன்டாக் அமைப்பினர் வீட்டு முகப்புகளைப் பழைய முறையிலேயே புதுப்பித்திருப்பதால், அந்த வித்தை அறிந்த கைகள் இன்னும் இருக்கின்றன என்று நிச்சயமாகச் சொல்லலாம். சுண்ணாம்பு, காற்றிலுள்ள கரியமில வாயுவை மெல்ல மெல்ல உட்கொண்டே மறுபடி கல்லாகிறது. ஆதலால் மெல்லிய பூச்சாகப் பூசி, ஒன்று இறுகிய பின்பே அடுத்ததைப் பூசி, வெயிலில் வெடிக்காதபடி ஈரம் காத்து வரவேண்டும். கூலி பேசுவதற்கு முன்பாகக் கொத்தனாரிடம் கேட்கவேண்டிய கேள்விகள் இவை: சுண்ணாம்பை எங்கே நீற்றுகிறீர்கள், எத்தனை நாள் ஊறவிடுகிறீர்கள், காரையை எதில் அரைக்கிறீர்கள்?