உங்களுக்குத் தெரியுமா? எக்ஸ் எங்கே ஒளிந்திருக்கிறது?

● தெரியாத எண்ணைக் கண்டுபிடிக்கும் கணக்குக்கு வயது 3,500-க்கும் மேல். கி.மு. 1550 வாக்கில் ஆமெஸ் என்ற எகிப்திய எழுத்தர் பாப்பிரஸ் சுருளில் எழுதிவைத்த 24-ஆம் கணக்கு இது: ஓர் அளவு, அதோடு அதன் ஏழில் ஒரு பங்கு, இரண்டும் சேர்ந்தால் 19. அந்த அளவு என்ன? ஆமெஸிடம் எக்ஸ் இல்லை. விடை 7 என்று சும்மா வைத்துக்கொள்கிறார். 7-உம் அதன் ஏழில் ஒன்றும் சேர்ந்தால் 8. வேண்டியதோ 19. 8-ஐ எத்தனை மடங்காக்கினால் 19 வருமோ, 7-ஐயும் அத்தனை மடங்காக்குகிறார். விடை 16⅝. ஏழில் ஒரு பங்கு முழு எண்ணாக வரட்டும் என்று 7-ஐத் தேர்ந்தெடுத்தாரே, அதுதான் சாமர்த்தியம்! சுருள் இப்போது லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது.

● சமக்குறியை முதன்முதலில் அச்சில் போட்டவர் வேல்ஸைச் சேர்ந்த மருத்துவர் ராபர்ட் ரெக்கார்ட். ஆண்டு 1557. ஒவ்வொரு முறையும் ‘சமம்’ என்று எழுதி அலுத்துப்போய் இரண்டு இணைகோடுகளைப் போட்டார். இவற்றைவிடச் சமமான இரண்டு வேறு கிடையாது என்பது அவர் சொன்ன காரணம். மறு ஆண்டே சிறையில் இறந்துபோனார்.

● தெரியாதவற்றுக்கு எக்ஸ், ஒய், இசட். தெரிந்தவற்றுக்கு ஏ, பி, சி. இந்த வழக்கம் பிரெஞ்சு அறிஞர் டெகார்ட் 1637-இல் வெளியிட்ட வடிவியல் நூலிலிருந்து வந்தது.

● பாஸ்கரர் 1150-இல் எழுதிய ‘பீஜகணித’த்தில் எனக்கு மிகவும் பிடித்த கணக்கு ஒன்று உண்டு. ஒருவரிடம் 6 குதிரைகள், ரொக்கம் 300. மற்றவரிடம் 10 குதிரைகள், ஆனால் கடன் 100. குதிரைகள் எல்லாம் ஒரே விலை; இருவர் சொத்தும் சமம். ஒரு குதிரை என்ன விலை? நாம் 6எக்ஸ் + 300 = 10எக்ஸ் − 100 என்று எழுதுவோம். அவரோ ஒரு பக்கத்தை மேல் வரியிலும் இன்னொன்றைக் கீழ் வரியிலும் எழுதி, கடனைக் காட்ட 100-இன் தலையில் ஒரு புள்ளி வைத்தார். 4 குதிரைகளின் விலை 400, ஒன்று 100. குறை எண் என்றால் என்ன என்று தடுமாறும் பிள்ளைக்கு இதைவிட நல்ல கணக்கு கிடைக்காது. கடன் என்றால் யாருக்குத்தான் புரியாது? இவ்வகைக் கணக்குக்கான விதியைப் பிரம்மகுப்தர் 628-லேயே சொல்லிவிட்டார்.

● பெஷாவர் அருகே பக்‌ஷாலி கிராமத்தில் 1881-இல் மண்ணுக்கடியில் கிடைத்த பூர்ஜ மரப்பட்டை ஏடுகளில், + குறி போட்டால் அது குறை எண்!

● ‘பக்கம் மாறினால் குறி மாறும்’ என்று மனப்பாடம் செய்திருப்போம். உண்மையில் எந்த எண்ணும் எந்தப் பக்கமும் போவதில்லை. 3எக்ஸ் + 5 = 20 என்றால், இரு பக்கமும் 5-ஐக் கழிக்கிறோம். இடப்பக்கம் 5 காணாமல் போகிறது. வலப்பக்கம் 20 − 5, அதாவது 15. அடுத்து இரு பக்கமும் 3-ஆல் வகுத்தால் எக்ஸ் = 5. காரணத்தை விட்டுவிட்டு வாய்ப்பாட்டை மட்டும் கொடுத்தால், 3எக்ஸ் = 15 என்று வந்ததும் 3-ஐயும் ‘அந்தப் பக்கம்’ அனுப்பி 12 என்று எழுதிவிடுகிறார்கள். விடையை எக்ஸ் இருந்த இடத்தில் வைத்துப் பார்த்தால் குட்டு வெளிப்பட்டுவிடும்: மூன்று 12 என்பது 36, 15 அல்ல. பரீட்சையில் இதற்கு அரை நிமிடம் ஒதுக்கலாம்.

● எக்ஸ் + 3 = எக்ஸ் + 5. இதற்கு விடையே கிடையாது. 2(எக்ஸ் + 3) = 2எக்ஸ் + 6. இதற்கு எந்த எண்ணும் விடை!

● ஓர் எண்ணை நினையுங்கள். இரட்டியுங்கள். 12-ஐக் கூட்டுங்கள். பாதியாக்குங்கள். முதலில் நினைத்த எண்ணைக் கழியுங்கள். உங்களிடம் இருப்பது 6. நினைத்தது எக்ஸ் என்றால், இரட்டித்தால் 2எக்ஸ். கூட்டினால் 2எக்ஸ் + 12. பாதி எக்ஸ் + 6. எக்ஸை எடுத்துவிட்டால் மிஞ்சுவது 6. பின்னத்தை நினைத்தாலும் குறை எண்ணை நினைத்தாலும் இதேதான். 12-க்குப் பதிலாக 50 என்று சொன்னால் 25 வரும்.