இது எந்த ஆண்டுப் படம்?

பழைய படம் ஒன்றில் ஆண்டு எழுதப்படாவிட்டாலும் அதைக் கண்டுபிடிக்கும் தடயங்கள் அந்தப் படத்திலேயே இருக்கும். மட்டக்களப்பிலிருந்து கொழும்புக்குப் புகையிரதத்தில் போனவர்கள் மன்னம்பிட்டியில் மகாவலி கங்கையைக் கடந்திருப்பார்கள். அங்குள்ள இரும்புப் பாலத்தின் கீழ் வெள்ளம் பாய்ந்தோடும் படம் ஒன்று உங்கள் வீட்டு அல்பத்தில் இருப்பதாக வைத்துக்கொள்வோம்.

முதலில் இரண்டு எல்லைகளைக் குறிக்க வேண்டும். மட்டக்களப்புக்கான புகையிரதப் பாதை 1928இல் திறக்கப்பட்டது. ஆகவே பாலத்தில் பயணிகள் புகையிரதம் தெரிந்தால் படம் அதற்குப் பிந்தியது. நெடுங்காலம் புகையிரதமும் வாகனங்களும் அந்த ஒரே பாலத்தையே பயன்படுத்தின. வாகனங்களுக்கெனப் பக்கத்தில் புதுப்பாலம் திறக்கப்பட்டது 2007இல். புதுப்பாலம் இல்லாத இடத்தில் பஸ்ஸும் லொறியும் இரும்புப் பாலத்தில் போனால் படம் அதற்கு முந்தியது.

இனி இந்த இடைவெளியைக் குறைக்க வேண்டும். கனடாவின் டீசல் என்ஜின்கள் 1954இல் இலங்கைக்கு வந்தன. அத்தகைய என்ஜின் தெரிந்தால் படம் அந்த ஆண்டுக்கு முந்தியதாக இருக்க முடியாது. ஆனால் நீராவி என்ஜினைக் கண்டதும் 1954க்கு முந்தியது என்று முடிவுகட்டக் கூடாது. நீராவி என்ஜின்கள் அதன் பின்னும் பல ஆண்டுகள் ஓடின.

வெள்ளமும் ஒரு சாட்சி. நமது பகுதியில் பெருமழை வடகீழ்ப் பருவக்காற்றுடன் வருவதால், படம் பெரும்பாலும் நவம்பருக்கும் பெப்ரவரிக்கும் இடைப்பட்டது. 1957 டிசம்பர் வெள்ளத்தைப் பெரியவர்கள் அடிக்கடி சொல்வார்கள். ஆனாலும் வெள்ளம் பலமுறை வந்திருக்கிறது. மற்றத் தடயங்களும் பொருந்தினால்தான் அந்த ஆண்டை எழுதலாம்.

மூத்தம்மாவிடம் “எந்த வருஷம்?” என்று கேட்டால் சொல்லத் தெரியாமல் போகலாம். “1978 சூறாவளிக்கு முந்தியா, பிந்தியா? அப்போது வாப்பா பிறந்துவிட்டாரா?” என்று கேட்டுப் பாருங்கள். பதில் கிடைக்கும்.

2004 டிசம்பர் 26 சுனாமியில் நமது கரையோர வீடுகள் பலவற்றின் அல்பங்களும் கடலோடு போயின. எஞ்சிய படங்களை அடையாளம் சொல்லக்கூடியவர்களும் குறைந்து வருகிறார்கள். ஆகவே இந்த விடுமுறையில் ஒரு பென்சிலை எடுங்கள். படத்தின் பின்புறத்தில் மெதுவாக எழுதுங்கள்: யார், எங்கே, எந்த ஆண்டு. ஆண்டு உறுதியாகாவிட்டால் “1954க்கும் 1978க்கும் இடையில்” என்றே எழுதுங்கள். ஊகித்து எழுதிய ஓர் ஆண்டைவிட அதுவே நமக்குப் பின்வருவோருக்கு உதவும்.