விதியைப் பொறிக்கு உணர்த்தல்

2 + 3 × 4 என்னும் கோவையின் பெறுமானம் யாது? 14 என்பர் பள்ளி மாணவர். இடமிருந்து வலமாகக் கண்டபடியே கணிக்கும் பொறியோ 20 என விடை தரும். குற்றம் பொறியினுடையதன்று, பெருக்கலை முதலிற் செய்க என்னும் விதியை நாம் அதற்கு உணர்த்தவில்லை.

இத்தகைய விதிகளை ஐயமற எழுதுதற்கு 1959ஆம் ஆண்டில் அமெரிக்கரான ஜோன் பக்கஸ் ஒரு குறியீட்டு முறையை வெளியிட்டார். டென்மார்க் நாட்டவரான பீற்றர் நவுர் அதனைச் செப்பனிட்டு, 1960இல் வெளிவந்த அல்கோல் 60 என்னும் கணினி மொழியின் அறிக்கையிற் கையாண்டார். இன்று அது பக்கஸ்-நவுர் வடிவம் என வழங்குகின்றது.

நமது கோவைக்கு மூன்று விதிகள் போதும். கோவை என்பது ஓர் உறுப்பு. அதன்பின் கூட்டற் குறியும் மற்றோர் உறுப்பும் எத்தனை முறையும் வரலாம். உறுப்பு என்பது ஒரு காரணி. அதன்பின் பெருக்கற் குறியும் மற்றொரு காரணியும் அவ்வாறே வரலாம். காரணி என்பது ஓர் எண். அன்றேல் அடைப்புக்குள் அமைந்த ஒரு கோவை.

இனி, விதிக்கு ஒரு செயன்முறையாக மூன்றினை எழுதுக. இம்மூன்றும் சேர்ந்ததே பகுப்பி. கோவை உறுப்பை அழைக்கும். உறுப்பு காரணியை அழைக்கும். அடைப்பைக் கண்ட காரணி மீண்டும் கோவையை அழைக்கும். முதலில் 2 கிடைக்கின்றது. கூட்டற் குறியைக் கண்ட கோவை இரண்டாம் முறை உறுப்பை அழைக்கின்றது. அவ்வுறுப்பு 3 உடன் திரும்பிவிடாது, பெருக்கற் குறியைக் கண்டு 4ஐயும் எடுத்து, 12 ஆக்கிய பின்னரே திரும்புகின்றது. ஆகவே விடை 14.

இங்கு ஓர் இடர் உண்டு. கோவை என்பது ஒரு கோவையும் கூட்டற் குறியும் ஓர் உறுப்பும் எனவும் விதி எழுதலாம். அல்கோல் அறிக்கையிலும் அவ்வமைப்பு உண்டு. படிப்பவருக்கு அதிற் குழப்பமில்லை. ஆனால் அதனை அப்படியே செயன்முறையாக்கினால், அது ஓர் எழுத்தையேனும் வாசிக்குமுன் தன்னையே அழைக்கும்; அவ்வழைப்பு மீண்டும் தன்னையே அழைக்கும்; முடிவே இராது. இதனாலேயே நாம் விதியைத் தொடர்ந்து வரும் உறுப்புகளாக மாற்றி எழுதினோம்.

எழுதி முடித்ததும் 2 + 3 × 4, (2 + 3) × 4 ஆகிய இரண்டினையும் பகுப்பிக்குக் கொடுத்துப் பாருங்கள். முறையே 14, 20 என விடை வருமாயின், நீங்கள் எழுதிய விதியைப் பொறி பின்பற்றுகின்றது எனக் கொள்ளலாம்.