வலது கிளிக்கைத் தடுக்கலாமா?

சில தளங்களில் வலது கிளிக் செய்தால் மெனுவே வருவதில்லை. ஏன்? எப்படி?

வலது பொத்தானை அழுத்தியதும் பிரவுசர் ‘கான்டெக்ஸ்ட்மெனு’ என்ற நிகழ்வைப் பக்கத்துக்குத் தெரிவிக்கிறது. அங்குள்ள ஜாவாஸ்கிரிப்ட் ‘பிரிவென்ட்டிஃபால்ட்’ என்று ஒரு வரியில் சொன்னால் போதும். வழக்கமான மெனு திறக்காது.

கூகுள் டாக்ஸ் அந்த இடத்தில் தன் எடிட்டிங் மெனுவைக் காட்டுகிறது. அது பயனுள்ள மாற்றம். படத் திருட்டைத் தடுக்க மெனுவை மூடுவதோ வீண் வேலை. திரையில் தெரியும் படம் ஏற்கெனவே நம் கணினிக்கு வந்துவிட்டது; ஸ்கிரீன்ஷாட்டும் எடுக்கலாம். ஃபயர்ஃபாக்ஸில் ஷிஃப்ட்டை அழுத்தியபடி வலது கிளிக் செய்தால் பிரவுசரின் மெனு வந்துவிடும். இணைப்பைப் புதிய டேபில் திறக்க நினைக்கும் வாசகருக்குத்தான் நஷ்டம்.

தளம் நடத்துபவர்களே, மேலான மெனு தர முடிந்தால் மாற்றுங்கள், வெறுமனே பூட்டாதீர்கள்.